என் மூடியும் கிளாரியின் கொக்கியும்

என் மூடியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல வருஷம் அடுத்தவர்கள் வரைந்த டப்பாக்களுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்த பிறகு, நானே யோசித்து, நானே வரைந்து, நானே சண்டை போட்டு உண்டாக்கிய முதல் சாமான் அது. பீச் பழத் துண்டுகள் நிறைந்த சின்னக் கப். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். மேலே வெள்ளி நிறத்தில் ஒட்டிய தாள் மூடி, ஓரத்தில் பிடித்து இழுக்க ஒரு நுனி. லாரியிலிருந்து தூக்கிப் போட்டாலும் ஒரு சொட்டு ஒழுகாது. தூக்கிப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

மாநிலத்து மருத்துவமனைகள் எல்லாம் எங்கள் கப்பை வாங்க ஒத்துக்கொண்டால், பழக் காலம் முடிந்ததும் இழுத்து மூடும் எங்கள் தொழிற்சாலை குளிர்காலத்திலும் ஓடும் என்று எங்கள் மேலாளர், வாரிக் என்பவர், கணக்குப் போட்டிருந்தார். எனக்கு அந்தக் கணக்கைவிட என் மூடிதான் பெரிது. நிபந்தனை ஒன்றுதான். விரல் மடங்காதவர்கள், கை நடுங்குகிறவர்கள், பார்வை மங்கியவர்கள் எல்லாரும் யார் துணையும் இல்லாமல் அதைத் திறக்க வேண்டும். சோதித்துப் பார்க்க மெல்பர்னிலிருந்து ஒருவர் வருவார் என்றார்கள்.

வரட்டுமே என்றுதான் இருந்தேன். போன குளிர்காலத்தில் எங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு வெள்ளோட்டமாக அனுப்பிய கப்புகளைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை. போதாதென்று, வசந்த காலத்தில் எங்கள் ஊர் பௌல்ஸ் கிளப்பில் நானே ஒரு சோதனை நடத்தினேன். அங்கே புல்தரையில் பந்து உருட்ட வருகிறவர்களில் எழுபதுக்குக் கீழே ஆள் பார்ப்பது அபூர்வம். ஒரு வாரம் முன்னாலேயே ஆளுக்குச் சில கப்புகளைக் கொடுத்து, வீட்டில் பழகிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். சோதனையன்று எல்லாரும் திறந்தார்கள். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

"ஒண்ணும் பிரச்சினையில்ல கண்ணு."

எங்கள் ஊரில் வீட்டுக் கூரை பறந்துபோனாலும் ஒண்ணும் பிரச்சினையில்ல என்றுதான் சொல்வார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். பெருமை வந்து உட்கார்ந்திருந்த இடத்தில் வேறு எதற்கும் இடமில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, மெல்பர்ன் ஆள் வந்து சேர்ந்தாள். பெயர் செஃபினா. சாமோவாத் தீவுக்காரி, நல்ல ஆகிருதி, வாய் நிறையச் சிரிப்பு. ஒரு பெரிய பெட்டியைச் சாப்பாட்டு அறை மேசைமேல் தொப்பென்று வைத்தாள்.

"இந்த மூடியைச் செஞ்ச ஆளு யாரு?"

"நான்தான். டீகன்."

"அப்ப வாங்க டீகன். முதல்ல உங்களுக்குத்தான் வயசாகணும்."

பெட்டிக்குள் இருந்தது முதுமைச் சட்டை. ஈயக் கட்டிகள் தைத்த மேல்சட்டையை மாட்டிவிட்டாள். முழங்கால் மடங்காதபடி பட்டை, கழுத்து திரும்பாதபடி ஒரு வளையம், காதை அடைக்க இரண்டு மூடிகள், எல்லாவற்றையும் மஞ்சள் மூட்டமாகக் காட்டும் கண்ணாடி. கடைசியாகக் கையுறை. ஒவ்வொரு விரலுக்கும் உள்ளே வளையாத குச்சி ஒன்று ஓடியது. ஐந்து நிமிஷத்தில் எனக்கு நாற்பது வயது கூடிப்போனது. பழம் வெட்டும் பகுதியிலிருந்த ஆட்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

"அம்மணி, கையைப் பிடிச்சு ரோடு தாண்டிவிடட்டுமா?" என்று ஒருவன் கத்தினான். காதடைப்பையும் மீறி அது மட்டும் நன்றாகக் கேட்டது.

"நாக்குக்கு வயசாகல, ஞாபகம் வெச்சுக்க," என்றேன்.

செஃபினா ஒரு கப்பை என் முன்னே வைத்தாள். முதலில் நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூடியும் வெள்ளி, நுனியும் வெள்ளி. விளிம்பைச் சுற்றித் தடவினேன். கையுறைக்குள் இருந்த விரலுக்குத் தாளும் ஒன்றுதான், மேசையும் ஒன்றுதான். எப்படியோ நுனி அகப்பட்டது. இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன், மறுபடி வழுக்கியது. கோபத்தில் கப்பை இன்னொரு கையால் அமுக்கினேன். அது படாரென்று வெடித்து, சாறு முழுவதும் வாரிக்கின் வெள்ளைச் சட்டையில் போய் இறங்கியது.

சாப்பாட்டு அறையே சிரித்தது. வாரிக் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பு சட்டைமேலதான்," என்றேன்.

"என் சட்டைமேலயா?" என்றார் வாரிக்.

"உங்க சட்டை இல்ல, இந்தச் சட்டை. வயசானவங்க யாரும் திடீர்னு ஒரு காலையில வயசாயிடறது இல்ல. கை மெதுவா விறைக்கும், மனுஷங்க மெதுவாப் பழகிக்குவாங்க. எங்க ஊர் கிளப்புல நிஜமான எண்பது வயசுக்காரங்க இதைத் திறந்திருக்காங்க. நான் இருந்து பார்த்திருக்கேன்."

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால் செஃபினா தலையாட்டினாள்.

"நியாயம்தான். நிஜ ஆளுங்க திறந்தா அதுதான் கணக்கு, இந்தச் சட்டை சொல்றது செல்லாது. கிளப்புல இன்னிக்கு ஆள் இருக்குமா?"

"வியாழக்கிழமை. இறைச்சிக் குலுக்கல் நாள், சீட்டு விழுந்தா இறைச்சி பரிசு. வீட்டுல பொணம் கிடந்தாலும் வந்துடுவாங்க."

"அப்ப போலாம். ஆனா ஒண்ணு, நீங்க இதைக் கழட்டக் கூடாது. முன்னாடி நின்னு பேசவும் கூடாது. அவங்கள்ல ஒருத்தரா மேசையில உக்காரணும்."

அதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று ஒத்துக்கொண்டேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே நஷ்டம் தெரிந்தது. கால் மடங்காமல், ஈயத்தைச் சுமந்துகொண்டு, கொளுத்தும் வெயிலில், கிளப் வாசலில் இருக்கும் ஒரே ஒரு படியின் முன்னால் நின்றேன். அந்தப் படியை ஆயிரம் தடவை ஏறியிருக்கிறேன். அப்படி ஒரு படி இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஈ வராமல் போட்டிருக்கும் வலைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கிளாரி நின்றிருந்தார். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர். வாழ்நாள் முழுக்க பீச் பயிரிட்டு எங்கள் தொழிற்சாலைக்கே கொடுத்தவர். இப்போது தோட்டத்தை மகன் பார்க்கிறான். போன குளிர்காலத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்துவிட்டு வந்ததிலிருந்து கையில் ஒரு தடி.

"அவசரமில்ல கண்ணு. கைப்பிடியை முதல்ல பிடி, அப்புறம் காலைத் தூக்கு. படி எங்கயும் ஓடிடாது," என்றார்.

உள்ளே நோலீன் பார்த்துவிட்டாள். நோலீன் என் அம்மாவோடு பள்ளிக்கூடம் போனவள். கிளப்பின் குலுக்கல், தேநீர், வம்பு மூன்றுக்கும் அவள்தான் பொறுப்பு.

"ஏண்டி டீகன், நேத்து கடையில பார்த்தப்ப நல்லாத்தானே இருந்த? ஒரே ராத்திரியில எங்களையெல்லாம் முந்திட்டியே. வா, வந்து உக்காரு. உனக்குக் கிழவிங்க கட்டணம்தான், தேநீர் பாதி விலை."

நீள மேசையில், தொங்கும் விரிப்புக்குக் கீழே விறைத்த காலை நீட்டிக்கொண்டு, கிளாரிக்கும் நோலீனுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். ஆளுக்கொரு கப் வைக்கப்பட்டது. செஃபினா மேசையின் தலைமாட்டில் கையில் அட்டையோடு நின்றாள். வாரிக் சாறு காய்ந்த சட்டையோடு சுவரோரம் நின்றார்.

"நிதானமாத் திறங்க. முடியலன்னா விட்டுடலாம்," என்றாள் செஃபினா.

உடனே நோலீன் எழுந்து அவளிடம் போனாள். "நீ குலுக்கல் சீட்டு வாங்கலியே. பாரு, இன்னிக்கு ஆட்டுக்கால், சாசேஜு, எல்லாம் இருக்கு. எத்தனை சீட்டு வேணும்?" என்று இறைச்சித் தட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதற்குள் மேசை நெடுகிலும் மூடிகள் கிழியும் சத்தம். நான் மட்டும் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஊரே திறந்துவிட்டது, செய்தவளால் முடியவில்லை. அழுகை வரும் போலிருந்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அப்போது மேசை விரிப்புக்குக் கீழே கையுறை போட்ட என் கையில் யாரோ எதையோ திணித்தார்கள். கண்ணாடிக்கு அருகே கொண்டுவந்து பார்த்தேன். டீஸ்பூன் காம்பை வளைத்து முனையைக் கூராக்கிய ஒரு கொக்கி. பிடிக்கும் இடத்தில் துணி தடிமனாகச் சுற்றியிருந்தது. கிளாரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு மூடியைக் காட்டித் தலையசைத்தார். கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பிப் பார்த்தேன். மேசையின் இந்தப் பக்கம் அத்தனை பேர் மடியிலும் ஒரு கொக்கி இருந்தது.

கொக்கியை மூடியில் குத்தி இழுத்தேன். திறந்துகொண்டது.

"சட்டையோடவே திறந்துட்டா," என்று வாரிக் கூவினார். கைதட்டினார்கள். செஃபினா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கையில் பேனா இருந்தது, அதன் மூடியை மட்டும் கழற்றவில்லை.

கிளாரி என் காதடைப்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்து மெல்லிய குரலில் சொன்னார்.

"பட்டறையில உக்காந்து ராவினது. எல்லாருக்கும் ஒண்ணு, மிச்சமா ஒண்ணு. பழகிப் பாருங்கன்னு குடுத்துட்டுப் போனியே, கையால ஒருத்தருக்கும் வரல."

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்ல? டீகன் சொந்தமா செஞ்சதுன்னு உங்கம்மா ஊர் முழுக்கச் சொல்லிட்டு வந்தா. உன் மூடி வேலைக்காகாதுன்னு நாங்க வந்து சொல்லவா? ஒண்ணும் பிரச்சினையில்ல. பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். கொக்கியை மடியில் மறைத்துக்கொண்டேன். அப்போது என் மனசில் ஓடியதை ஒளிக்க விரும்பவில்லை: இப்படியே வாயைத் திறக்காமல் இருந்தால் என் மூடி ஜெயித்துவிடும். மாநிலம் முழுக்க, ஒவ்வொரு மருத்துவமனைத் தட்டிலும் என் மூடி இருக்கும். தட்டு என்று நினைத்ததும்தான் அது உறைத்தது.

"கிளாரி, ஆஸ்பத்திரியில இருந்தப்ப இதே கப்புதானே குடுத்தாங்க?"

"ஆமா."

"இந்தக் கொக்கி அப்ப உங்ககிட்ட இருந்துதா?"

"இல்ல கண்ணு. இது அப்புறம் செஞ்சது."

"அப்ப எப்படித் திறந்தீங்க?"

"திறக்கல."

"நர்ஸ் யார்கிட்டயாவது குடுத்திருக்கலாமே."

"பாவம், அதுங்களுக்கு ஆயிரம் வேலை. ஒரு பழத்துக்காக மணியடிச்சுக் கூப்பிடவா? பசியில்லன்னு சொல்லிட்டேன். தட்டை எடுத்துட்டுப் போற வரைக்கும் பார்த்துட்டு இருப்பேன். எங்க வடக்குத் தோட்டத்துப் பழம் அது. நிறத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்." சிரித்தார். "வீட்டுக்கு வந்து தின்னுக்கிட்டேன். ஒண்ணும் பிரச்சினையில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் வளர்த்த பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதை வேளாவேளைக்குப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். குறுக்கே இருந்தது என் மூடி. அதனால்தான் புகார் வரவில்லை. இவர்மேலும் கோபம், நோலீன்மேலும் கோபம், என்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். செஃபினாவிடம் சாதாரணமாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். காதடைப்பு போட்டவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"மூடி வேலைக்காகாது," என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே புல்தரையில் உருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்களாம்.

"உக்காருடி. அவளுக்கு வெயில் ஒத்துக்கல," என்றாள் நோலீன்.

"உக்கார மாட்டேன். எல்லாரும் கொக்கியை எடுத்து மேசைமேல வைங்க."

என் கொக்கியை முதலில் வைத்தேன். கிளாரி பெருமூச்சு விட்டுத் தன்னுடையதை வைத்தார். பிறகு ஒவ்வொன்றாக டங் டங்கென்று மேசைமேல் விழுந்தன. கடைசியில் உட்கார்ந்திருந்த கென் மட்டும் வெறுங்கையை விரித்தார்.

"என்கிட்ட கொக்கி இல்ல. நான் நேர்மையானவன். பல்லாலதான் திறந்தேன்," என்றார். அந்தப் பல்செட் மூடித் தாளோடு அவருடைய தட்டில் கிடந்தது.

வாரிக் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். செஃபினா வந்து என் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். உலகம் ஒரேயடியாக வெளிச்சமானது.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன்.

"எந்த ஊருக்குப் போனாலும் இதேதான். கத்தரி, கத்தி, பல்லு. கொக்கி மட்டும் இங்கதான் முதல்முதலாப் பார்க்கறேன். முன்னாடி நிக்கறவங்களுக்கு எதுவும் தெரியாது. நான் சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்."

"மார்ச் கடைசி வரைக்கும் நேரம் இருக்கு. மாத்த முடிஞ்சா மாத்துங்க, திரும்ப வரேன்," என்றாள். பேனாவைத் திறந்து, தேறவில்லை என்று என் கண்ணெதிரே எழுதினாள். சட்டையையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். அன்றைய குலுக்கலில் ஆட்டுக்காலும் அவளுக்குத்தான் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளை நான் மறக்கப்போவதில்லை. வாசலில் நோலீன் காலி இறைச்சித் தட்டோடு நிற்பாள். பையிலிருக்கும் கொக்கி, கத்தி, நகவெட்டி எல்லாம் தட்டில் விழுந்தால்தான் உள்ளே விடுவாள். கென் பல்லைக் கழற்றித் தரவேண்டும் என்று அவள் கேட்டது மட்டும் கொஞ்சம் அதிகம். என் இரண்டாவது மூடியைக் கொண்டுபோனேன். குறை சொன்னால் இவள் கேட்டுக்கொள்வாள் என்று ஒருமுறை தெரிந்ததும் அவர்கள் அதில் ருசி கண்டுவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டினார்கள்.

"நுனி எங்கடி? எங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒளிச்சு வெச்சியா?"

"இதுக்குப் போன தடவை செஞ்சதே தேவலாம்."

"பசையை என்ன, கப்பலுக்கு அடிக்கறதுக்கா வாங்கின?"

மூடியோடு நிற்கவில்லை. கிளப் தேநீர் கழுவின தண்ணி மாதிரி இருக்கிறது, நாற்காலி குத்துகிறது, குலுக்கலில் சாசேஜ் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே போகிறது என்று புகார்கள் கிளம்பின. என் முடிவெட்டுகூடத் தப்பவில்லை. நோலீன் ஆடிப்போய்விட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதே கோபத்தோடு வீட்டுக்குப் போய், முதுமைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சமையலறையில் நின்று இழுத்துப் பார்ப்பேன். அவர்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

மூன்றாவது மூடியில் நுனியே கிடையாது. அந்த இடத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம், கரும்பச்சை நிறத்தில், தானாகவே எழுந்து நிற்கும். வளையத்துக்குக் கீழே மட்டும் பசை இளக்கம். தெறிக்காமலிருக்கச் சாற்றையும் கொஞ்சம் குறைத்தேன்.

"லாரியிலேந்து தூக்கிப் போட்டா ஒழுகுமே," என்றார் வாரிக்.

"தூக்கிப் போடாதீங்க," என்றேன்.

மார்ச் கடைசி வியாழக்கிழமை செஃபினா வந்தாள். மேசை விரிப்பை நோலீனே உருவி எடுத்துவிட்டாள். முதல் கப்பைக் கிளாரி முன்னால் வைத்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்து, வெறுங்கையை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். வீங்கிய கட்டைவிரலை வளையத்துக்குள் விட்டு இழுத்தார். மூடி சத்தமில்லாமல் உரிந்து வந்தது. ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. செஃபினாவின் பேனா திறந்தே இருந்தது.

கிளாரி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். கிளப்பே அவர் வாயைப் பார்த்தது. ஒண்ணும் பிரச்சினையில்ல என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"மூடி நல்லாருக்கு," என்றார். "பழம்தான் சரியில்ல. ரெண்டு நாள் முன்னாடியே பறிச்சுட்டான். என் மகன்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவருக்காக இன்னொரு கப்பை எடுத்து, பழக்க தோஷத்தில் என் விரலை வளையத்துக்குள் விட்டேன்.

"அதை இப்படிக் குடு," என்று கையை நீட்டினார் கிளாரி. "நானே திறந்துக்கறேன்."